வீட்டிலேயே பைக் வேலை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயில் மாற்றுவது, செயின் டைட் வைப்பது, பிளக் மாற்றுவது, பிரேக் ஷூ போடுவது என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடிய பைக் வேலைகள் நிறைய உண்டு. பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. தன் வண்டியில் தானே கை வைக்கிறவர் கண்ணுக்குத்தான் நைந்துபோன கிளட்ச் கேபிளும் வழுவழுவென்று ஆகிவிட்ட டயரும் முன்கூட்டியே படும். மெக்கானிக் போடும் பில்லில் எது தேவை, எது தேவையில்லை என்பதும் அவருக்குத்தான் புரியும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் பயப்படுவதெல்லாம் கழற்றுவதற்குத்தான். ஸ்பானரைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றுவார்கள். மாட்டும்போது பொழுது சாய்ந்திருக்கும், கை ஓய்ந்திருக்கும், வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆபத்தான தவறுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. கழற்றியதில் ஏதாவது உடைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விட்டால் செலவோடு போகும். மாட்டியதில் தவறு என்றால் வண்டி ஸ்டார்ட் ஆகும், தெருமுனை வரை ஒழுங்காகவும் ஓடும். மேம்பாலத்து இறக்கத்தில்தான் அது தெரியவரும்.

ஆகவே மாட்டுகிற வேலையைக் கழற்றும்போதே தொடங்கிவிடுங்கள். என்ஜின் சைடு கவரில் எட்டு, பத்து போல்ட் இருக்கும். தலை எல்லாம் ஒரே அளவு, நீளம் மட்டும் வேறு வேறு. அத்தனையையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டால், நீளமான போல்ட் ஆழம் குறைந்த துளைக்குள் போய் அடியில் முட்டி கேஸையே விரிசல் விட வைக்கும். குட்டையான போல்ட் ஆழமான துளையில் இரண்டே மரையில் தொங்கி, முறுக்கும்போது அந்த மரையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்து, கவரின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தீர்களோ அந்த இடத்திலேயே போல்ட்டைக் குத்தி வையுங்கள். கூடவே போனில் நாலு போட்டோ. கேபிள் எந்தப் பக்கமாகப் போகிறது, வாஷர் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்ற குழப்பம் அதோடு தீரும்.

ஆயில் மாற்றும்போது

வீட்டில் வேலை பார்ப்பவர்கள் அதிகம் கெடுப்பது என்ஜினுக்கு அடியில் இருக்கும், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைத்தான். போல்ட் இரும்பு, என்ஜின் கேஸ் அலுமினியம். அளவுக்கு மீறி முறுக்கினால் போவது கேஸின் மரைதான். 100 முதல் 125 சிசி வண்டிகளில் பொதுவாக இந்தப் போல்ட்டுக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு இருந்தால் போதும். 20 செ.மீ. நீள ரிங் ஸ்பானரின் நுனியில் 12 அல்லது 13 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு. அதற்குப் போய் ஸ்பானரில் பைப்பைச் செருகி, காலால் மிதித்து முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை தாங்கும், இரண்டாவது முறை தாங்கும், மூன்றாவது ஆயில் மாற்றத்தில் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு டெஃப்லான் டேப் சுற்றுவதும் எம்-சீல் அப்புவதும் வேண்டாத வேலை. ஓடும்போது அந்தப் போல்ட் விழுந்தால் ஆயில் முழுவதும் பின் டயரில்தான் கொட்டும். லேத் பட்டறையில் கொடுத்துப் புது மரை போடுவது ஒன்றே வழி.

எந்தப் போல்ட்டானாலும் முதல் நாலைந்து சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். விரலுக்கு இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி வையுங்கள். பிளக்குக்கும் இதே விதி. விரலால் கடைசிவரை ஏற்றி, அது உட்கார்ந்த பிறகு, வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் ஸ்பானரால் அரைச் சுற்று போதும்.

ஆயில் எவ்வளவு என்பதிலும் எது என்பதிலும் தவறு நடக்கிறது. கியர் வண்டிகளில் கிளட்ச் பிளேட் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். அதற்கு டப்பாவில் ஜேசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட ஆயில் வேண்டும். கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், என்ஜின் கத்தும், வண்டி போகாது. ஸ்கூட்டருக்கு ஜேசோ எம்பி. 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் "கெட்டியாக இருந்தால் என்ஜினுக்கு நல்லது" என்பார்கள். நல்லதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஆயில் போய்ச் சேருவது தாமதமாகும்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியைப் பல வண்டிகளில் முறுக்காமல், துளையின் விளிம்பில் சும்மா உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும். முறுக்கி எடுத்துப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், குறைவான ஆயிலோடு ஓட்டுவீர்கள். சில வண்டிகளில் முறை வேறு. வண்டியோடு வந்த கையேட்டில் ஒரு வரியில் இருக்கும், அதைப் பாருங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டில் சமமாக நிற்க வேண்டும். என்ஜினை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்க வேண்டும்.

ஸ்கூட்டர்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கியர்லெஸ் ஸ்கூட்டரில் என்ஜின் ஆயில் போல்ட் ஒன்று, பின் சக்கரத்துப் பக்கம் இருக்கும் கியர் ஆயில் போல்ட் ஒன்று. அவசரத்தில் கியர் ஆயிலைத் திறந்துவிட்டு, "என்ன இவ்வளவு கொஞ்சமாக வருகிறது" என்று நினைத்தபடியே புது ஆயிலை என்ஜினில் ஊற்றுவார்கள். இப்போது கியர் பெட்டி காலி, என்ஜினில் இரண்டு மடங்கு ஆயில். வெளியே வந்த ஆயில் 100 மில்லி அளவுக்குத்தான் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரேக்கும் சக்கரமும்

இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

முன் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில், பிரேக் ஷூ உட்கார்ந்திருக்கும் தட்டில் ஒரு பள்ளம் இருக்கும். ஃபோர்க்கின் உள்பக்கத்தில் ஒரு முட்டு துருத்திக்கொண்டிருக்கும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அந்த முட்டு இந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். பிரேக் பிடிக்கும்போது தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்த முட்டுதான். பள்ளத்தில் உட்காராமலே ஆக்சிலை ஏற்றி நட்டை இறுக்கிவிட முடியும். சக்கரம் சுற்றும், லீவரைப் பிடித்தால் மெதுவான வேகத்தில் நிற்கவும் செய்யும். வேகத்தில் ஓங்கிப் பிடிக்கும்போது தட்டு சுழன்று, கேபிளை இழுத்துக்கொண்டு, முன் சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும். முன் சக்கரம் பூட்டினால் ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலே போவார். ஆக்சிலை ஏற்றும் முன் உட்கார்ந்து, டார்ச் அடித்து, முட்டு பள்ளத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தட்டைக் கையால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். அசையக் கூடாது.

பின் டிரம் பிரேக்கில் இதே வேலையைச் செய்வது தட்டிலிருந்து ஸ்விங் ஆர்முக்கு (பின் சக்கரத்தைத் தாங்கும் கைக்கு) போகும் நீளக் கம்பி. அதன் நட்டும், நட்டுக்குக் குறுக்கே போகும் ஸ்பிளிட் பின்னும் ஐந்து ரூபாய் சாமான். பஞ்சர் ஒட்டும் அவசரத்தில் ஸ்பிளிட் பின் இல்லாமலே மாட்டப்பட்ட வண்டிகளைச் சாலையில் நிறையப் பார்க்கலாம். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், ஒடியும். புதிது நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் பிரேக் பேட் மாற்றுகிறவர்கள் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் புதுப் பேடைப் போடுவார்கள். மாட்டி முடித்ததும் லீவர் வெறுமனே உள்ளே போகும், பிரேக் இருக்காது. நின்ற இடத்திலேயே பல முறை லீவரை அமுக்கி, அது கெட்டியானபின்தான் வண்டியில் ஏற வேண்டும். சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரைத் தொடவே கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். டிஸ்க்கிலோ பேடிலோ செயின் ஸ்பிரே ஒரு துளி பட்டாலும் பிடிமானம் போகும், பேட் அதை உறிஞ்சிக்கொண்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பிரேக் ஆயில் டப்பாவில் டாட் 4 என்று போட்டிருந்தால் அதையேதான் ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயில் மாதிரி எதையாவது ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிப் பிரேக் இறுகிக்கொள்ளும். திறந்து வைத்த பழைய டப்பாவும் வேண்டாம். இது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் ஆயில். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்தால் லீவரில் ஒன்றுமே இருக்காது.

செயின்

என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று செய்வது. துணியின் ஒரு நூல் மாட்டினால் போதும், விரல் செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே போய்விடும். கையை எடுக்க நேரம் இருக்காது. விரலை இழந்தவர்கள் இப்படித்தான் இழந்தார்கள். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும்.

தொங்கல் இருந்தால் கேவலம் என்று செயினைக் கம்பி மாதிரி இழுத்து வைப்பது இன்னொரு பழக்கம். பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை மேலும் கீழும் ஆட வேண்டும். ஆள் உட்கார்ந்தால் ஸ்விங் ஆர்ம் ஏறி, செயின் தானாகவே இறுகும். அந்த இடம் இல்லையென்றால் இழுப்பு முழுவதும் கியர் பாக்ஸ் பேரிங்கில் விழும். பின் ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் அளவுக் கோடுகள் ஒரே எண்ணில் இருக்கட்டும். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பின் பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா அமுங்கும் தூரமும் மாறியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். கிளிப் போட்டுப் பூட்டும் லாக் உள்ள செயின் என்றால், கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

வயரும் பெட்ரோலும்

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் எங்கேயோ வயர் உரசுகிறது. அதைத் தேடாமல் ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றினால், அடுத்த முறை உருகுவது வயரிங் முழுவதும். 35 வாட் பல்பு உள்ள ஹோல்டரில் 100 வாட் பல்பைப் போடுவதும் இதே கணக்குதான். பேட்டரி கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் சேஸிஸில் பட்டாலும் தீப்பொறி வராமல் இருக்கத்தான் இந்த வரிசை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் சென்சார்களும் வந்துவிட்டன. சாவி ஆனில் இருக்கும்போது வயர்களை இணைக்கும் கப்ளர் எதையும் பிடுங்காதீர்கள். பழைய வண்டியில் ஸ்குரூவைத் திருகி ஐடிலிங் வைத்த பழக்கத்தில் இங்கே எதையும் திருகவும் வேண்டாம். ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போது பிரஷர் தண்ணீரைக் கப்ளர்கள் மேல் நேராக அடிப்பதும் கூடாது. மறுநாள் மீட்டரில் எரிகிற மஞ்சள் விளக்குக்கு அதுவே காரணமாக இருக்கும்.

சாமான் கழுவப் பெட்ரோலைக் கிண்ணத்தில் ஊற்றி வைப்பதை அடியோடு விடுங்கள். மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடுகிற பொருள் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். வாசலில் கிண்ணம், வீட்டுக்குள் பூஜை விளக்கு என்றால் இரண்டும் சந்திக்க அதிக நேரம் ஆகாது. டீசலில் கழுவலாம், அதையும் நெருப்புக்குத் தள்ளி, வெளியில் வைத்துத்தான்.

வேலை முடிந்ததும் வண்டியை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு பக்கம் என்ஜின் வேகம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ சிக்கியிருக்கிறது. பிறகு தெருவுக்குள்ளேயே நடக்கிற வேகத்தில் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் தொட்ட ஒவ்வொரு நட்டிலும் ஒருமுறை ஸ்பானர் வையுங்கள். ஃபோர்க், ஸ்டியரிங் பேரிங், ஏபிஎஸ் சம்பந்தப்பட்ட பிரேக் வேலை, என்ஜின் உள்வேலை இவை வீட்டு வாசலில் வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றுக்கான டூல் நம்மிடம் இருக்காது. வாரண்டி ஓடுகிற வண்டியில் கைவைக்கும் முன் அதன் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது பழைய ஆயில். சாக்கடையில் ஊற்றினால் ஏரிக்கும் கிணற்றுக்கும் போகும். தென்னை மரத்தடியில் ஊற்றினால் மண் கெடும். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு கழிவு விதிகளில் இது அபாயகரமான கழிவு. தோல் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருட்களும் இதில் சேர்ந்திருக்கும் என்பதால் கையில் பட்டால் சோப்புப் போட்டு உடனே கழுவ வேண்டும். புது ஆயில் வந்த டப்பாவிலேயே புனல் வைத்து ஊற்றி, மூடி, பக்கத்து சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய ஆயில் எடுக்கிறவர்கள் அங்கே வந்து வாங்கிப் போவார்கள்.