வீட்டு வைஃபை மெதுவாக ஓடுகிறதா? கோளாறு லைனிலா, காற்றிலா என்று முதலில் பாருங்கள்

நெட் இழுக்கிறது என்றதும் பலர் பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள், இல்லாவிட்டால் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். பணம் போடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தடங்கல் வெளியிலிருந்து வரும் லைனிலா, ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவிலா? ஒரு லேப்டாப்பும் ஒரு நல்ல லேன் கேபிளும் இருந்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

லேப்டாப்பை ஃபைபர் மோடத்தின் (பல வீடுகளில் ரவுட்டரும் இதுவேதான்) லேன் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். அதன் வைஃபையை அணையுங்கள். டிவி, மற்ற போன்கள் எதுவும் அப்போது நெட்டில் இருக்கக் கூடாது. வேகத்தைக் காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை சோதியுங்கள். 100 எம்பிபிஎஸ் பிளானில் 90க்கு மேல் வந்தால் லைன் சரி. காலையில் முழுசாக வந்து இரவில் மட்டும் பாதியானால், பெரும்பாலும் சேவை தரும் கம்பெனியின் பக்கம் நெரிசல். வீட்டுக்குள் எதை மாற்றினாலும் அது தீராது. இரண்டு ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுங்கள். பிளான் 200 அல்லது 300 ஆக இருந்தும் வேகம் 94, 95ஐத் தாண்டாவிட்டால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஒன்று அறுந்தாலும், கேபிள் முனையின் ஆர்ஜே45 பிளக்கில் சரியாகக் கடிக்காவிட்டாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். விலை குறைந்த ரவுட்டர்களில் போர்ட்டே 100தான். டவுன்லோடு ஆகும்போது 12 மெகாபைட் என்று காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம்: எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட், ஆகவே 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்.

கேபிளிலும் மெதுவாக இருந்தால் மோடத்தின் அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் மோடத்தின் முகவரியைப் போட்டால் வரும் செட்டிங் பக்கம்) ஆர்எக்ஸ் பவர் (Rx power), அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம், எவ்வளவு என்று பாருங்கள். வீட்டு ஜிபான் (GPON) வகை ஃபைபர் மோடங்கள் சுமார் -8 முதல் -27 டிபிஎம் வரை தாங்கும். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸுக்குப் பின் எண் பெரிதாக ஆக சிக்னல் பலவீனம். -25ஐத் தாண்டி -26, -27 என்று இறங்கினாலே லைன்மேனைக் கூப்பிடுவது நல்லது. ஜன்னல் இடுக்கில் நசுங்கிய ஃபைபர், கிளிப் அடித்து இறுக்கிய வளைவு, தூசு படிந்த கனெக்டர் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். கனெக்டரைக் கழற்றி முனையைத் தொடாதீர்கள், உள்ளே பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

லைன் சரி என்றால் அடுத்தது காற்று. லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, மெதுவாக இருக்கும் அறையில் உட்கார்ந்து, கமாண்ட் ப்ராம்ப்டில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் (ping) கொடுங்கள். ரவுட்டர் எவ்வளவு சீக்கிரம் பதில் தருகிறது என்று அது காட்டும். விண்டோஸில் நான்கு பதிலோடு நின்றுவிடும். முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு மைனஸ் குறியும் ஆங்கில ‘t’யும் சேர்த்தால் (ping 192.168.1.1 -t) ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று முதல் பத்து மில்லிசெகண்டுக்குள் சீராக வந்தால் வைஃபை நலம். 3, 4, 180, 7, 320 என்று எகிறினாலோ, இடையிடையே பதிலே வராமல் போனாலோ கோளாறு அந்த அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான். போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு சிக்னலையும் அளந்துவிடுங்கள். -50 டிபிஎம் அருமை. -67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். -75க்குக் கீழே போனால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. அங்கே இடம்தான் மாற வேண்டும்.

இடம் என்பதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் பாதிக் கோளாறு இங்கேதான். ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக வந்ததோ அதன் பக்கத்திலேயே, பரணிலோ டிவிக்குப் பின்னாலோ மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். செங்கல் சுவர் சிக்னலைக் குறைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் தூணும் அதைவிட அதிகம் குறைக்கும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஏன் நெட் வரவில்லை என்று தேடவே வேண்டாம். நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, ஃப்ரிட்ஜ் எல்லாம் அதே கணக்கு. ரவுட்டர் வீட்டின் நடுவில், ஆளுயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். மோடத்தை நகர்த்த முடியாவிட்டால் அதிலிருந்து ஒரு லேன் கேபிளை ஹாலுக்கு இழுத்துத் தனி ரவுட்டர் வையுங்கள்.

பிறகு அலைவரிசை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதிலேயே நெருக்கியடிக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஓரிரு சுவருக்கு மேல் தாங்காது. இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் போன் சில நேரம் 2.4ஐயே பிடித்துத் தொங்கும். சோதிக்கும்வரை இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். டிவியையும் லேப்டாப்பையும் 5இல் போட்டு, ஸ்மார்ட் பல்பு, கேமரா போன்றவற்றை 2.4க்கு அனுப்புங்கள்.

2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. ஆப்பில் எது காலியோ அதைத் தேர்ந்தெடுங்கள். 3, 4 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கத்து இரைச்சலும் வந்து சேரும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அடுக்குமாடியில் 40 வைப்பது உங்களுக்கும் கெடுதல், பக்கத்து வீட்டுக்கும் கெடுதல். 5இல் 36 முதல் 48 வரையோ, 149 முதல் 161 வரையோ வைத்து, அகலம் 80 கொடுக்கலாம். பாதுகாப்பு செட்டிங்கில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2-AES) இருக்கட்டும். பழைய டிகேஐபி (TKIP) தேர்வாகியிருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்குள் முடங்கும். ரவுட்டர் புதிதாக இருந்தும் வேகம் எழாத வீடுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

நாள் முழுதும் நன்றாக இருந்து திடீரென்று எல்லாருக்கும் இழுத்தால், யாராவது ஒருவர் போனில் கல்யாண வீடியோ பேக்கப் ஏறிக்கொண்டிருக்கலாம். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் திணறும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (QoS, வேகத்தைப் பங்கிடும் செட்டிங்) இருந்தால் அப்லோடைப் பிளான் வேகத்தில் 85 சதவீதத்துக்குக் கட்டுங்கள். ரவுட்டர் தானாக அணைந்து எழுந்தால் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட் 1.5 ஆம்ப் கேட்கும் மோடத்துக்கு 1 ஆம்ப் அடாப்டர் போதாது.

மாடிக்கு ரிப்பீட்டர் வாங்க நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேட்6 கேபிளை மாடிக்கு இழுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்க்காமல் தனியாகக் கொண்டுபோங்கள். மாடியில் பழைய ரவுட்டரே போதும். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (மோடம் 192.168.1.1 ஆக இருந்தால்), டிஹெச்சிபியை (DHCP, போன், லேப்டாப்புக்கெல்லாம் முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை வான் (WAN) போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே இருப்பதேதான், 2.4 சேனல் மட்டும் கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.