டிராஃப்ட் என்பது ஏலம் அல்ல: எம்.எல்.எஸ். பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜூலையில் மெஸ்ஸி இன்டர் மயாமிக்குப் போனதிலிருந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து அமெரிக்கக் கால்பந்து லீகான எம்.எல்.எஸ். (மேஜர் லீக் சாக்கர்) பார்க்கும் கூட்டம் ஒன்று நம்மூரில் உருவாகிவிட்டது. ஆட்டம் புரிவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சீசன் முடிந்து, கல்லூரி வீரர்களை கிளப்புகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் டிசம்பரில் வரும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "முதல் பிளேயர் எவ்வளவுக்குப் போனான்?"

எவ்வளவுக்கும் போகவில்லை. ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏலத்தில் பை கனமாக இருப்பவர் கையை உயர்த்திக்கொண்டே இருக்கலாம். டிராஃப்ட் ரேஷன் கடை வரிசை மாதிரி: உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நகர வேண்டும். ஒரே வித்தியாசம், வரிசை தலைகீழாக நிற்கும். புதிதாக லீகுக்குள் வரும் கிளப் முதலில். அடுத்து, பிளே-ஆஃபுக்குப் போகாத அணிகள், புள்ளி குறைந்ததிலிருந்து மேல்நோக்கி. சாம்பியன் கடைசியில். தோற்றவனுக்கு முதல் பந்தி என்பதுதான் இதன் கணக்கு.

இந்த வேறுபாட்டை இந்திய ரசிகர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 2015-ல் இந்தியன் சூப்பர் லீக் இரண்டையும் சேர்த்து நடத்தியது. 10 பெரிய பெயர்கள் மட்டும் ஏலத்துக்கு, மற்றவர்கள் டிராஃப்டுக்கு. அந்த ஏலத்தில்தான் சுனில் சேத்ரியை மும்பை சிட்டி 1.2 கோடிக்கு எடுத்தது. 2017-ல் மும்பையில் நடந்த டிராஃப்டில் ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை அழைத்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 1.10 கோடி, யாரும் போட்டி போட்டு ஏற்றிய விலை அல்ல, முன்கூட்டியே எழுதி வைத்த சம்பளம்.

எம்.எல்.எஸ்.-இல் இது இன்னும் ஒரு படி மேலே. அங்கே வீரர்கள் ஒப்பந்தம் போடுவது கிளப்போடு அல்ல, லீகோடு. 1996-ல் முதல் சீசன் தொடங்கியபோதே அப்படித்தான் அமைத்தார்கள், கிளப்புகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிச் சம்பளத்தை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக. வீரர்கள் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். 2002-ல் மேல்முறையீட்டிலும் லீக் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. ஆக, டிராஃப்ட் அங்கே ஒரு திருவிழா மட்டும் இல்லை, சம்பளத்துக்குப் போட்ட கடிவாளமும்கூட.

பெயர் வாசித்தால் வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பது

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். "இன்ன கிளப் இன்னாரை எடுத்தது" என்ற செய்தி வந்ததும், அவர் அந்த கிளப்பின் வீரர் என்று எழுதிவிடுகிறோம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, டிராஃப்ட் தேர்வு அவ்வளவுதான். எம்.எல்.எஸ்.-க்குள் இந்த வீரரோடு பேசும் உரிமை எனக்கு, வேறு கிளப் குறுக்கே வரக் கூடாது. அவ்வளவு. ஆள் ஏறி வந்து உட்கார வேண்டுமே! அவர் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு கிளப்புக்குப் போகலாம், இரண்டாம் நிலை லீகில் சேரலாம், படிப்பை முடிக்கிறேன் என்று கல்லூரிக்கே திரும்பலாம். 2024 டிராஃப்டிலிருந்து இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களையும் எடுக்கலாம் என்று விதியை விரித்த பிறகு, இந்தக் கடைசி வழி இன்னும் சாதாரணமாகிவிட்டது. துண்டு சீட்டில் இருக்கும், ஆள் கல்லூரியில் இருப்பார்.

வந்து சேர்பவருக்கும் உத்தரவாதம் கிடையாது. சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் கழற்றிவிடப்படுபவர்கள் நிறையப் பேர். அணியில் மொத்தம் 30 இடம் என்று வைத்துக்கொண்டால், முதல் 20 இடங்களின் சம்பளம்தான் உச்சவரம்புக் கணக்கில் வரும். டிராஃப்டில் வருபவர்கள் பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ள இடங்களில், குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் நுழைகிறார்கள். ஜெனரேஷன் அடிடாஸ் என்ற திட்டத்தில் லீகே முன்கூட்டி ஒப்பந்தம் போட்டு அனுப்பும் சில மாணவர்கள் மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்று. கல்லூரியிலிருந்து வருகிறார்கள் என்றதும் எல்லாரும் அமெரிக்கர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர்களை மட்டும் பாருங்கள்: 2014-ல் ஆண்ட்ரே பிளேக், ஜமைக்கா. 2015-ல் சைல் லாரின், கனடா. 2016-ல் ஜாக் ஹாரிசன், இங்கிலாந்து. 2023-ல் ஹமடி டியோப், செனகல். 2025-ல் மனு டுவா, கானா. வெளிநாட்டு வீரர்களுக்கு ஒரு கிளப்புக்கு 8 இடம்தான் ஒதுக்கீடு. வேண்டுமானால் மற்ற கிளப்பிடமிருந்து வாங்கலாம். அதனால் ஒரே திறமையுள்ள இருவரில், கிரீன் கார்டு இருப்பதால் வெளிநாட்டவர் கணக்கில் வராதவரின் மதிப்பு சட்டென்று கூடிவிடும். (2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்.சி. முதல் இடத்தில் ஜோவோ மூட்டின்யோவை எடுத்தது. போர்ச்சுகல்காரர்தான், ஆனால் அதே பெயரில் புகழ்பெற்ற அந்த நடுகள ஆட்டக்காரர் இல்லை. இவர் ஏக்ரன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இளம் இடது பின்கள வீரர். எங்கள் குழுவில் இரண்டு பேர் ஏமாந்தார்கள்.)

முதல் நம்பர் என்றால் முதல் தரம் என்று நம்புவது

இதற்கு 2004-ஐ விடப் பெரிய பாடம் கிடையாது. அந்த ஆண்டு முதல் இடம் ஃப்ரெடி ஆடு. வயது 14. கானாவில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பையன். டி.சி. யுனைடெட் எடுத்தபோது அடுத்த பெலே என்று பத்திரிகைகள் கொண்டாடின. அதே டிராஃப்டில் எட்டாவது இடத்தில், ஃபர்மன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டெக்சாஸ் பையனை நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன் எடுத்தது: கிளின்ட் டெம்ப்சி. அப்புறம் கீழே போய்க்கொண்டே இருங்கள். நான்காவது ரவுண்டில், 36-வது இடத்தில், மெட்ரோஸ்டார்ஸ் அணி 16 வயது மைக்கேல் பிராட்லியை எடுத்தது. அணியின் பயிற்சியாளர் பாப் பிராட்லி, பையனின் அப்பா. அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது.

இப்போது தேசிய அணிக்கு இவர்கள் ஆடிய ஆட்டங்களைப் பாருங்கள். ஆடு 17. டெம்ப்சி 141, கூடவே 57 கோல். "அப்பா பிள்ளை" பிராட்லி 151. முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் விருதும் டெம்ப்சிக்குத்தான் போனது. ஆடுவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 14 வயதுப் பையன் தோளில் ஒரு லீகின் விளம்பரத்தையே ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் அடியில் கிறிஸ் வாண்டலோவ்ஸ்கி. 2005-ல் முதன்மை டிராஃப்டில் அவர் பெயரை யாரும் சொல்லவே இல்லை. மிச்சம் மீதியைத் துழாவும் துணை டிராஃப்டில், 41-வது ஆளாக, சான் ஹோசே எடுத்தது. கணக்குக்குப் பார்த்தால் அணியில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நிலை. பல ஆண்டுகள் பெஞ்ச், ஹூஸ்டனில் கொஞ்ச காலம், 2009-ல் திரும்பவும் சான் ஹோசே. 2010-ல் 18 கோல் அடித்து லீகின் முதல் கோல்காரர் ஆனார். 2012-ல் 27. 2021-ல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 171 கோல், எம்.எல்.எஸ்.-இல் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. இவராவது துணை டிராஃப்டில் எடுக்கப்பட்டார். கோல்கீப்பர் மாட் டர்னரை 2016-ல் எந்த டிராஃப்டிலும் யாரும் எடுக்கவில்லை. முகாமுக்கு வந்து இடம் பிடித்து, பின்னால் ஆர்சனல் வரை போனார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கடைசி ரவுண்டில்தான் தங்கம் இருக்கிறது என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அதுவும் தவறுதான். முதல் இடத்தில் வந்த லாரின் முதல் சீசனிலேயே 17 கோல் அடித்துப் புதுமுகங்களுக்கான சாதனை படைத்தார். பிளேக் மூன்று முறை ஆண்டின் சிறந்த கோல்கீப்பர். கடைசி ரவுண்டில் வருபவர்களில் பெரும்பாலோர் ஒரு நிமிடம்கூட ஆடாமல் போகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

அணியே டிராஃப்டில்தான் உருவாகிறது என்று எண்ணுவது

அமெரிக்க ஃபுட்பாலையும் கூடைப்பந்தையும் பார்ப்பவர்கள் செய்யும் பிழை இது. அங்கே நல்ல இளைஞனுக்கு டிராஃப்டை விட்டால் வேறு வாசல் கிடையாது என்றே சொல்லலாம். கால்பந்தில் உலகம் முழுக்க வாசல்கள். அமெரிக்க வீரர் கிறிஸ்டியன் புலிசிக் இளம் வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போனார். வெஸ்டன் மெக்கென்னி டல்லாஸ் அகாடமியிலிருந்து நேராக இன்னொரு ஜெர்மன் கிளப்பான ஷால்கே. இவர்கள் பெயர் டிராஃப்ட் பட்டியலிலேயே வந்ததில்லை.

உள்ளூரிலும் ஒரு குறுக்கு வழி உண்டு. கிளப் தன் அகாடமியில் வளர்த்த பையனை டிராஃப்டுக்கு அனுப்பாமல் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஜோர்டன் மோரிஸ் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தார், டிராஃப்டுக்கு வந்திருந்தால் எங்கே எடுக்கப்பட்டிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் சியாட்டிலில் வளர்ந்தவர் என்பதால் 2016-ல் சியாட்டிலே நேரடியாகச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டே சிறந்த புதுமுகம், அந்த ஆண்டே கோப்பையும். நல்ல பையன்களை அகாடமிகள் முன்பே வடிகட்டிவிடுவதால், டிராஃப்டுக்கு வருவது மீதி. கடைசி ரவுண்டில் கிளப்புகள் யாரையும் எடுக்காமல் 'பாஸ்' சொல்லிவிட்டுப் போவதும் இதனால்தான். அதைப் பார்த்து நிர்வாகம் தூங்குகிறது என்று திட்டுவது வீண்.

பிக், அதாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை, அதுவே விற்கக்கூடிய சரக்கு என்பதையும் மறந்துவிடுகிறோம். 2016-ல் ஹாரிசனை முதலில் அழைத்தது சிகாகோ. அன்றைக்கே அவரை நியூயார்க் சிட்டிக்குக் கொடுத்து, பதிலுக்கு நான்காவது பிக்கையும் அணிச் செலவுக்கான ஒதுக்கீட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டது. சிகாகோ சட்டையில் ஹாரிசன் ஆடுவார் என்று காலையில் பதிவு போட்டவர்கள் மாலையில் அழித்தார்கள்.

டிசம்பரில் நடப்பதெல்லாம் ஒரே டிராஃப்ட் என்று குழப்பிக்கொள்வது

புது கிளப் வரும் ஆண்டில் விரிவாக்க டிராஃப்ட் என்று தனியாக ஒன்று நடக்கும். இதில் கல்லூரி மாணவர்கள் கிடையாது, மற்ற அணிகளின் வீரர்கள்தான். 2024 டிசம்பரில் சான் டியேகோவுக்காக நடந்தபோது ஒவ்வொரு கிளப்பும் 12 பேரைப் பூட்டி வைத்துக்கொண்டது. மிச்சம் இருந்தவர்களில் சான் டியேகோ 5 பேரை எடுக்கலாம், ஒரு கிளப்பிலிருந்து ஒருவருக்கு மேல் கூடாது. பூட்டி வைக்காத வீரர்கள் பட்டியல் வந்ததும் "இவரைக் கழற்றிவிடப் போகிறார்கள்" என்று கிளம்பும் வதந்திகள் பெரும்பாலும் வெற்று. சம்பளம் பெரியது, எப்படியும் எடுக்க மாட்டார்கள் என்ற கணக்கில் விடப்பட்டவர்களும் அதில் இருப்பார்கள்.

எடுத்தவர்களை அந்த கிளப் வைத்துக்கொள்ளும் என்பதும் நிச்சயமில்லை. 2017-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்.சி. எடுத்த ஐவரில் யுக்கா ரைட்டாலா, ரஹீம் எட்வர்ட்ஸ் இருவரையும் உடனே மாண்ட்ரியலுக்கு அனுப்பி, பெல்ஜியம் தடுப்பாட்டக்காரர் லாரன்ட் சிமானை வாங்கியது. அவர்தான் அந்த கிளப்பின் முதல் கேப்டன். 2018 ஏப்ரல் 29 அன்று புது மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில், சியாட்டிலுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில் ஃப்ரீ கிக் அடித்து ஒரே கோலைப் போட்டதும் அவரே. டிராஃப்ட் பட்டியலில் தேடினால் அவர் பெயர் இருக்காது.

மறுநுழைவு டிராஃப்ட் என்பது 2010-ல் தொடங்கியது. ஒப்பந்தம் முடிந்தும் சுதந்திரமாகக் கிளப் தேடும் தகுதி இன்னும் வராத வீரர்களுக்கானது. இதை ஃப்ரீ ஏஜென்சி என்று எழுதாதீர்கள். அந்த உரிமை 2015-ல்தான் வந்தது, அதுவும் வயதும் லீகில் ஆடிய ஆண்டுகளும் நிரம்பியவர்களுக்கு மட்டும்.

ஆண்டைக் குறிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 2025 டிராஃப்ட் நடந்தது 2024 டிசம்பரில். முன்பு ஜனவரியில் நடந்ததை டிசம்பருக்கு நகர்த்தியதால், 2022 என்ற ஒரே ஆண்டில் இரண்டு டிராஃப்ட்: ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. இரண்டிலும் முதல் பெயரை அழைத்தது சார்லட்தான், முதலில் பென் பெண்டர், பிறகு டியோப். தேதியைப் பார்க்காமல் எழுதினால் இருவரில் ஒருவர் காணாமல் போய்விடுவார்.

பெண்கள் லீகான என்.டபிள்யூ.எஸ்.எல். பற்றிப் பேசும்போது பழைய தகவலை அப்படியே ஒட்டுவதும் நடக்கிறது. 2024 ஆகஸ்டில் வீராங்கனைகள் சங்கத்தோடு போட்ட புது ஒப்பந்தத்தில் அங்கே டிராஃப்டையே எடுத்துவிட்டார்கள், விரிவாக்க டிராஃப்ட் உட்பட. இப்போது கல்லூரி முடித்த பெண் எந்த கிளப்போடும் நேரில் பேசலாம், சம்மதம் இல்லாமல் அவரை வேறு கிளப்புக்கு மாற்றவும் முடியாது. 2024 ஜனவரியில் யூட்டா ராயல்ஸ் முதல் இடத்தில் எடுத்த ஆலி சென்ட்னர்தான் அந்த லீக் டிராஃப்டின் கடைசி நம்பர் ஒன்.