லிங்கனின் ஒரே வாக்கியத்தை வைத்து ஆங்கில அணிகளைப் படிக்கலாம், வாருங்கள்

அமெரிக்கப் பள்ளியில் ஏபி ஆங்கிலம் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்) எடுத்த பிள்ளைகள் பலர் முதல் வாரத்திலேயே அனாஃபரா, அசிண்டெடன், எபிஸ்ட்ரஃபி என்று அணிகளின் பெயர்களை அட்டை அட்டையாக எழுதி மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த அட்டைகளை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அந்தப் பாடத்தின் தேர்வில், ஒருவர் தன் பேச்சாலோ எழுத்தாலோ எப்படி மனதை மாற்றுகிறார் என்று ஆராயும் ரெட்டாரிக்கல் அனாலிசிஸ் கட்டுரைக்கு உள்ள 6 மதிப்பெண்ணில் 4, நீங்கள் காட்டும் சான்றுக்கும் விளக்கத்துக்கும்தான். பெயர் சொன்னதற்கென்று தனியாக எதுவும் கிடையாது.

ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் பேசிய உரையை எடுத்துக்கொள்வோம். சுமார் 270 சொற்கள்தான்.

படி 1: சூழலை எழுதுங்கள்

யார், யாரிடம், எதற்காக? உள்நாட்டுப் போர் இன்னும் முடியவில்லை. ஜூலையில் 3 நாள் சண்டை நடந்த ஊரில், இறந்த வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழா. இதை விட்டுவிட்டால் மேற்கொண்டு எதுவும் ஓடாது.

படி 2: வாய்விட்டு வாசியுங்கள்

காதில் திரும்பத் திரும்ப விழும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பெயர் வேண்டாம், கோடு போதும்.

படி 3: கோடு போட்ட இடத்தில் நில்லுங்கள்

"வீ கேன் நாட் டெடிகேட், வீ கேன் நாட் கான்சிக்ரேட், வீ கேன் நாட் ஹாலோ திஸ் கிரவுண்ட்." தொடக்கம் மூன்று முறையும் ஒன்றே, அதுதான் அனாஃபரா. மூன்றாவதற்கு முன்னால் "ஆண்ட்" இல்லை, அது அசிண்டெடன். சரி, பெயர் கிடைத்துவிட்டது, இனிமேல்தான் வேலையே. அர்ப்பணிப்பதற்கென்றே கூடிய கூட்டத்திடம் போய் "நம்மால் அர்ப்பணிக்க முடியாது" என்கிறாரே, ஏன்? வினைச்சொற்களைப் பாருங்கள், அர்ப்பணிப்பது, புனிதமாக்குவது, தெய்வத்தன்மை ஏற்றுவது என்று ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறுகிறது, ஏற ஏற அங்கே நிற்பவர்களின் கை சிறுத்துப்போகிறது. அடுத்த வாக்கியத்திலேயே அந்த வேலையை இங்கே போராடியவர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்கிறார். அப்புறம் அதே "டெடிகேட்" திரும்பி வருகிறது, இந்த முறை அர்ப்பணிக்கப்பட வேண்டியது நிலமல்ல, உயிரோடிருக்கும் நாம். எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு இந்த இடத்தில் சிலிர்க்கிறது.

படி 4: மற்ற கோடுகளையும் பாருங்கள்

"ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்" என்பதில் ஒரே சொல் முடிவில் வருகிறது, எபிஸ்ட்ரஃபி. நாம் இங்கே சொல்வதை உலகம் மறக்கும், அவர்கள் செய்ததை மறக்காது என்று எதிரெதிரான இரண்டை அருகருகே வைக்கும் இடம் ஆன்டிதீசிஸ். தமிழ்ச் செய்யுளில் முரண்தொடை படித்திருந்தால் இது உடனே பிடிபடும்.

படி 5: கட்டுரை வாக்கியமாக்குங்கள்

"லிங்கன் அனாஃபரா பயன்படுத்தி உரையை அழகாக்குகிறார்" என்று எழுதாதீர்கள், அதை எந்த உரைக்கும் ஒட்டலாம். அவர் என்ன செய்கிறார் என்பதில் தொடங்கி இப்படி எழுதிப் பாருங்கள்: "'முடியாது' என்பதை மூன்று முறை அடுக்கி, விழாவுக்கு வந்தவர்களின் கையிலிருந்து அர்ப்பணிக்கும் உரிமையை எடுத்து லிங்கன் இறந்தவர்களிடம் கொடுக்கிறார், அதனால்தான் போரைத் தொடர வேண்டிய கடமையை உயிரோடிருப்பவர்கள்மேல் அவரால் சுமத்த முடிகிறது." அனாஃபரா என்ற பெயரை இதற்குள் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம்.