கொழும்பிலிருந்து ஓர் ஐஸ் ஹொக்கி மருமகனைப் பின்தொடர்வது எப்படி

ரொறன்ரோவில் வளரும் மருமகன் ஐஸ் ஹொக்கியில் பெயரெடுக்கத் தொடங்கிவிட்டால், வெள்ளவத்தையில் இருக்கும் நமக்கு முதலில் கலைவது தூக்கம்தான். அங்கு இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் இங்கு மறுநாள் காலை 5.30க்கும், அவர்கள் மார்ச்சில் கடிகாரத்தை மாற்றிய பின்னர் 4.30க்கும் வரும்.

அவனுடைய பிறந்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லின் அணிகள் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் ஆண்டு நிகழ்வுதான் ட்ராஃப்ட். அதில் இடம்பெற, அந்த ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதிக்குள் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2008 செப்டெம்பர் 14இல் பிறந்தவன் 2026இலேயே தகுதி பெறுவான். இரண்டு நாள் பிந்திப் பிறந்தவன் 2027 வரை காத்திருப்பான். இது தெரியாமல்தான் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை ஒப்பிட்டு மனம் வெதும்புகிறார்கள்.

ட்ராஃப்ட்டில் 32 அணிகள் 7 சுற்றுகளில் வீரர்களைத் தெரிவுசெய்கின்றன. தெரிவு என்பது வேலை அல்ல. அவனோடு ஒப்பந்தம் செய்யும் உரிமை அந்த அணிக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலானோர் தமது ஜூனியர் அணிக்கே திரும்புவார்கள். தெரிவு இலக்கத்தைப் பார்த்துச் சோர்ந்துவிடவும் வேண்டாம்: 1998இல் 171ஆவதாக டெட்ராய்ட் தெரிவுசெய்த பாவெல் டட்சியுக், அதே அணியோடு 2002இலும் 2008இலும் என்.எச்.எல். சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார்.

18 முதல் 21 வயதுக்குள் கைச்சாத்திடும் முதல் ஒப்பந்தம் 3 ஆண்டுகளுக்கானது. 18 வயதில் கைச்சாத்திட்டவன் அந்தப் பருவத்தில் 10 என்.எச்.எல். ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தத்தின் முதலாண்டு தொடங்காமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும் என்பதால், ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் அணி என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய தொகையைக் கேட்டு, பையன் கோடீஸ்வரனாகிவிட்டான் என்று காலி வீதி முழுக்கச் சொல்லிவிடாதீர்கள். என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எச்.எல். லீக்குக்கு அனுப்பப்படும் நாட்களில் சம்பளம் பல மடங்கு குறைந்துவிடும்.

ஆட்ட விபரத்தில் எல்லோரும் கோல்களைத்தான் தேடுகிறார்கள். என் கணிப்பில், இளம் வீரனை அளக்க அதைவிட நல்ல இடம், தன் அணியில் ஒருவன் தண்டனை பெற்று வெளியே அமர்ந்திருக்கும் 2 நிமிடங்கள். நால்வர் ஐவரை எதிர்த்து நிற்கும் அந்த நேரத்தில், பயிற்சியாளர் தாம் முழுதாக நம்புகிறவர்களையே பனித்தளத்தில் இறக்குவார். ஒருவன் தன் உடலையே குறுக்கே போட்டு, 'பக்' எனும் ரப்பர் வட்டைத் தடுத்துவிட்டு, நொண்டியபடி பெஞ்சுக்குப் போவதை அப்போதுதான் காணலாம். புள்ளிப் பட்டியலில் அதற்கு ஒன்றும் கிடையாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது, எத்தனை கோல் என்று கேட்காமல், "தம்பி, நாலு பேராய் நிண்ட நேரம் உன்னை இறக்கினவையோ?" என்று கேளுங்கள். மாமாவுக்கு ஆட்டம் விளங்குகிறது என்று கண்டதும் அவனே மிச்சத்தைச் சொல்வான்.