ஒரு பானை, ஒரு பை: தானியத்திலிருந்து முதல் பீர்

பீர் காய்ச்சப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் டின்னில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகில் தொடங்குவார்கள். தண்ணீரில் கரைத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டால் முடிந்தது. குடிக்கும்படியான பீர் வரும்தான். ஆனால் தானியத்திலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுக்கும் சுவாரசியமான வேலையை வேறு யாரோ செய்து முடித்திருப்பார்கள். அதையும் நாமே செய்ய வேண்டுமென்றால் இரண்டு மூன்று பாத்திரங்கள், வடிகட்டி, குழாய்கள் எல்லாம் தேவை என்ற பயம் பலருக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் 2000-களின் நடுவில் பரப்பிய, தானியத்தை வலைப்பையில் போட்டு ஒரே பானையில் ஊறவைக்கும் பை முறைக்கு இவை எதுவும் வேண்டாம்.

வேலையில் இறங்கும் முன் உங்கள் பகுதிச் சட்டத்தைப் பாருங்கள். வீட்டில் பீர் காய்ச்சுவது சில இடங்களில் தாராளமாக அனுமதிக்கப்படுகிறது, சில இடங்களில் உரிமம் கேட்பார்கள், சில இடங்களில் அது குற்றம்.

என்னென்ன வேண்டும்

முதல் முறைக்குப் பத்து லிட்டர் போதும். 20 லிட்டர் பானை, அதன் வாயைத் தாண்டி விரியும் நைலான் அல்லது பாலியெஸ்டர் வலைப்பை, நம்பகமான தெர்மாமீட்டர், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) பொருத்திய நொதிகலன், அலசத் தேவையில்லாத கிருமிநீக்கி, ஒரு சின்னத் தராசு. தெர்மாமீட்டரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

தானியம்: 2 கிலோ பேல் மால்ட், 200 கிராம் கிரிஸ்டல் மால்ட். இரண்டையும் உடைத்து வாங்குங்கள். முழு மணியை ஊறவைத்தால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து வெளியே வராது. நன்றாகக் குருணையாக உடைந்திருக்க வேண்டும். பை வடிகட்டிக்கொள்வதால் கொஞ்சம் பொடியாகிவிட்டாலும் தப்பில்லை. கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 6 சதவீதம் கொண்ட ஹாப்ஸ் 35 கிராம், உலர் ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட். இதில் பேல் ஏல் என்ற எளிய பீர் வகை கிடைக்கும். தேன், பழத்தோல், மசாலா ஆசையெல்லாம் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பீர் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவற்றைச் சேர்ப்பதுதான் சரி.

மேஷ்: வெப்பநிலை விளையாடும் இடம்

தானியத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குவதுதான் மேஷ். பானையில் 14.5 லிட்டர் தண்ணீர் எடுங்கள். தானியம் சுமார் ஒன்றரை லிட்டரை உறிஞ்சிக்கொள்ளும், கொதியில் இரண்டரை லிட்டர் ஆவியாகும், அரை லிட்டர் மண்டியோடு போகும். மீதி பத்து. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பீரில் மருந்து வாடை ஏறிவிடும். கால் கேம்டன் (சல்ஃபைட்) மாத்திரையைப் பொடித்துக் கலந்தால் அந்தத் தொல்லை தீரும்.

தண்ணீர் 70 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, பையைப் பானைக்குள் விரித்து, தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். கட்டி தட்டவே கூடாது. தானியம் அறை வெப்பத்தில் இருந்திருந்தால் கலவை 67 டிகிரிக்கு அருகில் வந்து நிற்கும். மூடி போட்டு, கம்பளியால் சுற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

இந்த ஒரு மணி நேரத்தில் மால்ட்டில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. 63, 64 டிகிரி வாக்கில் பீட்டா அமைலேஸ் என்ற நொதிக்குக் கை ஓங்கும். ஈஸ்ட் எளிதாகத் தின்னும் சர்க்கரை அதிகமாகி, பீர் இனிப்பு குறைந்து லேசாக இருக்கும். 70 டிகிரியை நெருங்கினால் ஆல்ஃபா அமைலேஸின் ராஜ்யம். ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சி, பீர் கனமாக இருக்கும். 67 நடுவாந்தரம். ஓரிரு டிகிரி இறங்கினால் பதறாதீர்கள். அதிகமாக இறங்கினால் பையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, சிறுதீயில் கிளறியபடி சூடேற்றுங்கள். பை அடியைத் தொட்டிருக்கும்போது அடுப்பை மூட்டினால் அது கருகும்.

நேரம் முடிந்ததும் பையை உயர்த்தி வடியவிடுங்கள். ஈரத் தானியம் நல்ல கனம். மேலே ஒரு கொக்கி இருந்தால் முதுகு தப்பிக்கும். பையைப் பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்று சிலர் மிரட்டுவார்கள். துவர்ப்புக்குக் காரணம் அதிக சூடும் அதிக பிஎச் அளவும்தான். தடித்த கையுறை போட்டுக்கொண்டு தைரியமாகப் பிழியுங்கள்.

கொதி

பானையில் இப்போது இருக்கும் இனிப்பு நீர்தான் வோர்ட். கொதி வரும் நேரத்தில் நுரை சட்டென்று பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். நுரை அடங்கியதும் 15 கிராம் ஹாப்ஸ் போட்டு, மூடாமல் ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். மூடினால், ஆவியோடு போக வேண்டிய டைமெத்தில் சல்ஃபைடு தங்கி, வேகவைத்த சோள வாடை தரும். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது இன்னொரு 10 கிராம், அடுப்பை அணைத்ததும் மீதி 10 கிராம். முதலில் போட்டது கசப்புக்கு, கடைசியில் போட்டது மணத்துக்கு.

ஆறவைத்தல், ஈஸ்ட்

இதுவரை கரண்டி கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் கொதி பார்த்துக்கொண்டது. இனி வோர்ட்டைத் தொடும் ஒவ்வொன்றும், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் உட்பட, கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். வீட்டில் பீர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான்.

பானையை மூடி, குளிர்ந்த நீர்த் தொட்டியில் வையுங்கள். தொட்டி நீர் சூடானதும் மாற்றுங்கள், கடைசியில் ஐஸ் போடுங்கள். 20 டிகிரிக்கு வந்ததும், அடி மண்டியை விட்டுவிட்டு, உயரத்திலிருந்து நொதிகலனில் ஊற்றுங்கள். கொஞ்சம் எடுத்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், 1.048 பக்கம் காட்டினால் அருமை. 1.042 என்றாலும் பீர்தான், போதை சற்றுக் குறையும், அவ்வளவே. ஈஸ்ட் பாக்கெட் 11.5 கிராம் என்றால் பாதியைத் தூவி, ஏர்லாக்கை மாட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

18 முதல் 20 டிகிரி வரை நல்லது. ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும், அதனால் அறையைவிடக் கலன் சூடாகவே இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் கலனை வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம்.

ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து நொதித்தல் முடிந்ததாக நினைக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது. 1.011 வந்தால், தொடக்க அளவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள்: ஆல்கஹால் ஏறக்குறைய 4.8 சதவீதம்.

பாட்டில்

60 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, சுத்தமான இன்னொரு கலனில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியே மெதுவாக இறக்குங்கள். இப்போது காற்று கலக்கவே கூடாது. அழுத்தம் தாங்கும் பாட்டில்களை மட்டும் பயன்படுத்துங்கள். சர்க்கரை கூடினாலோ நொதித்தல் முடியாமல் அடைத்தாலோ கண்ணாடி வெடிக்கும், வேடிக்கை இல்லை. முதல் முறைக்குச் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலே எனக்குப் பிடிக்கும். அமுக்கிப் பார்த்தாலே வாயு ஏறியது தெரிந்துவிடும்.

அறை வெப்பத்தில் இரண்டு வாரம், அப்புறம் குளிர்பெட்டியில் ஓரிரு நாள். அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும் என்பதால் பாட்டிலைச் சாய்த்து ஒரே சீராக ஊற்றி, கடைசி விரற்கடை அளவை உள்ளேயே விட்டுவிடுங்கள்.