திடப்படுத்தலுக்குப் பிறகு: மூன்று பேராகச் சீஷத்துவம் பழகுவது எப்படி?

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் கைவைத்து ஜெபித்து, முதல் நற்கருணையும் எடுத்தாயிற்று. அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகளில் பலரை கிறிஸ்துமஸ் ஆராதனையிலும், சபையார் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையிலும்தான் பார்க்க முடிகிறது. திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் மனப்பாடம் ஆகிவிடுகின்றன. திங்கட்கிழமை எப்படி வாழ்வது என்று பக்கத்தில் இருந்து காட்டத்தான் ஆள் இல்லை. சபையோ இதற்கு இன்னொரு கூட்டத்தை அறிவிக்கிறது. சனிக்கிழமை ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம் என்று கூட்டங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

தென்னிந்தியத் திருச்சபை போன்ற ஒரு திருச்சபையின் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில்), மூத்த விசுவாசி ஒருவரும் இளையவர் இருவரும் 16 வாரத்தில் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் வாசித்து, வாசித்ததைச் செய்து பார்த்து, சீஷத்துவத்தை, அதாவது இயேசுவைப் பின்பற்றி வாழ்வதை, பழகும் முறை இது.

முதலில் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், சொல்லுங்கள். அவர் இதை மூன்றாம் மனிதர் வாயால் கேட்டால் தனிக்கூட்டம் நடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். சபைகள் உடைந்ததும் பல இடங்களில் அப்படித்தான். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவருக்கு வேதாகமக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை. அவர் ஆராதனைக்குத் தவறாமல் வருகிறாரா, அவர் வீட்டார் அவரைப் பற்றி நல்லபடி சொல்கிறார்களா என்று பாருங்கள். சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்கப்போகிறவரை அந்த வருடம் விட்டுவிடுங்கள். கூடுகை ஓட்டுச் சேர்ப்பாகிவிடும். இரண்டே பேர் என்றால் அது ஆலோசனை கேட்கும் இடமாகச் சுருங்கும். நான்கு பேர் என்றால் ஒருவர் வாயே திறக்கமாட்டார்.

ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கினால் செப்டம்பர் கடைசியில், கல்லூரித் தேர்வுகளுக்கு முன், முடிந்துவிடும். வாரம் ஒரு நாள், 75 நிமிடம். ஆலய வராந்தாவோ சபை மண்டபமோ போதும். வீட்டில் வைத்தால் தேநீரோடு நிறுத்துங்கள். முதல் வாரம் வடை, இரண்டாம் வாரம் இட்லி என்று போனால் ஐந்தாம் வாரம் அந்த வீட்டு அம்மா களைத்துவிடுவார், கூடுகையும் நின்றுவிடும்.

முதல் 10 நிமிடம் போன வாரம் சொன்னதைச் செய்தோமா என்று பேசுங்கள். அடுத்த 35 நிமிடம் வாசிப்பு. மாறி மாறிச் சத்தமாக வாசியுங்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பழைய மொழிபெயர்ப்பில் திக்குவார்கள்; உச்சரிப்பைத் திருத்தாமல், எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி மூன்றே மூன்று: இயேசு இங்கே என்ன செய்தார்? யாருக்கு அது பிடிக்கவில்லை, ஏன்? வருகிற வாரத்துக்குள் நான் செய்ய வேண்டியது என்ன? மூன்றாவது கேள்விக்குத் தனியே 15 நிமிடம் விடுங்கள். கடைசி 15 நிமிடம் ஜெபம்.

எல்லாம் அந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. "இன்னும் நன்றாக ஜெபிப்பேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள்; அடுத்த வாரம் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. "செவ்வாயும் வியாழனும் காலை 5.30க்கு எழுந்து, போனைத் தொடுமுன் ஒரு சங்கீதம் வாசிப்பேன்" என்றால் செய்தாரா இல்லையா என்று கேட்கலாம்.

இரண்டாம் அதிகாரத்தில் லேவி வீட்டுப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வரி வசூலிக்கும் ஆயக்காரரோடும் பாவிகளோடும் இயேசு உட்கார்ந்து சாப்பிட்டது வேதபாரகருக்கும் பரிசேயருக்கும் பொறுக்கவில்லை. இதை வாசித்துவிட்டு அன்பைப் பற்றிப் பொதுவாகப் பேசிக் கலைவது சுலபம். நம் சபையில் யார் வீட்டில் நாம் கை நனைத்ததில்லை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். அசனத்தில் எல்லாரும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறோம். கலியாணம், துக்கம், வீட்டுச் சாப்பாடு என்று வரும்போது தெருவும் சாதியும் குறுக்கே வந்து நிற்கின்றன. அந்த வாரத் தீர்மானம் ஒரு பெயராகவும் ஒரு வேளைச் சாப்பாடாகவும் இருக்கட்டும். மூத்தவர் முதலில் போக வேண்டும். அவர் போகாமல் பிள்ளைகளை அனுப்பினால் அந்தக் கூடுகை அன்றோடு செத்தது.

ஏழாம் அதிகாரத்தில் கொர்பான் வருகிறது: தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடுவது. சம்பாதிக்கத் தொடங்கியவர் ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறார் என்பதைப் பேசிவிட்டுக் காணிக்கைக்கு வாருங்கள். காணிக்கையைச் சம்பளம் வந்த அன்றே தனி உறையில் எடுத்துவைக்கப் பழக்குங்கள். உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று ஒதுக்கிய பாட்டிமார் செய்ததும் இதுதான்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆளுக்கொரு சபை வேலை கொடுங்கள், மேடை வேலை மட்டும் வேண்டாம். பாய் விரிப்பது, நடக்க முடியாத பெரியவரை ஞாயிறு ஆராதனைக்கு வண்டியில் அழைத்து வருவது, வீட்டோடு கிடக்கும் நோயாளிக்கு ஐயர் நற்கருணை கொண்டுபோகும்போது கூடப் போவது போன்றவை போதும். வந்ததும் கிட்டாரைக் கையில் கொடுத்தால், வேர் பிடிக்கும் முன்பே பாராட்டு வந்துவிடும். அதற்காக இளையவர்களை ஓரங்கட்டச் சொல்லவில்லை. 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலங்கானாவின் தோர்ணக்கல்லில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் சுவிசேஷம் சொல்லும் பொறுப்புள்ளவராகவே எண்ணி நடத்தினார். அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான்.

மனஸ்தாபம் வராமல் இருக்காது. மத்தேயு 18இல் உள்ள வரிசையையே பின்பற்றுங்கள்: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, கடைசியில்தான் சபையிடம். நாம் இதைத் தலைகீழாகச் செய்து, வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி, பேசாமல் ஒதுங்குவதில் முடிக்கிறோம். ஆனால் பிள்ளைகளைத் துன்புறுத்தியது, பாலியல் தொல்லை போன்றவற்றுக்கு இந்த வரிசையைச் சொல்லவே கூடாது. பாதிக்கப்பட்டவரை அந்த ஆளிடம் தனியாகப் பேச அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவர்மீது பாலியல் குற்றம் என்றால் காவல் துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கூடுகை கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். மூத்தவர் பிரசங்கம் செய்யத் தொடங்குவார். மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் அவர் பேசக் கூடாது. "அந்த அக்கா வீட்டுக்காக ஜெபிக்கணும்" என்று ஜெபக் குறிப்பு போல ஊர்க்கதை வரும். இங்கே இல்லாதவரைப் பற்றிய குறிப்பை அவர் அனுமதியோடு மட்டும் எடுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் செய்தி அனுப்பாமல் வீட்டுக்குப் போங்கள்.

16ஆம் வாரத்தோடு கலைத்துவிடுங்கள். நீட்டினால் சபைக்குள் ஒரு குட்டிச் சபை உருவாகிவிடும். ஒரு மாத இடைவெளிக்குப் பின், தயாராக இருக்கிறவர் வேறு இருவரைத் தேடிக்கொள்ளட்டும். தயாராகாதவர் மூத்தவரோடு இன்னொரு சுற்று உட்காரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதுக் கூடுகையின் பெயர்களை, தொடங்கும் முன்பே, ஐயரிடம் கொடுத்துவிடுங்கள்.