கால்வாய் டிராப்பில் மின்சாரம் எடுப்பது எப்படி: கனஅடியிலிருந்து யூனிட் வரை

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பு என்றதும் சென்னையில் பேப்பர் படிக்கிறவர் கண்ணில் படுவது 'விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி' என்கிற எண். அந்த எண்ணை மின்சாரமாக மாற்றிப் பார்க்கப் பழகுவதில் இருந்து தொடங்கலாம். 35.3 கனஅடி சேர்ந்தால் ஒரு கனமீட்டர். விநாடிக்கு எத்தனை கனமீட்டர் ஓடுகிறது, எத்தனை மீட்டர் இறங்குகிறது, இரண்டையும் பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, இயந்திரத்தின் திறனால் (சிறிய நிலையத்துக்கு 0.8 போடுங்கள்) பெருக்கினால் கிலோவாட். மனக்கணக்குக்கு எட்டால் பெருக்கினால் போதும். 10,000 கனஅடி என்பது 283 கனமீட்டர். அது ஒரு மீட்டர் இறங்கினாலே சுமார் 2,200 கிலோவாட் கிடைக்கும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று தொடங்கி வெண்டிபாளையம், பாசூர் வரை ஏழு கதவணை மின்நிலையங்கள், தலா 30 மெகாவாட், வரிசையாக நிற்பதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். ஒவ்வொன்றிலும் இறக்கம் குறைவு, ஆனால் தண்ணீர் ஏராளம். பைக்காராவில் கதை நேர் எதிர். 1932-ல் ஓடத் தொடங்கிய அந்த நிலையத்தில் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. 3 மீட்டர் இறக்கத்தில் அதே மின்சாரம் வேண்டுமென்றால் 300 மடங்கு தண்ணீர் வேண்டும்.

கால்வாயில் இறக்கம் எங்கிருந்து வருகிறது? நிலத்தின் சரிவு கால்வாய் தாங்கும் சரிவைவிட அதிகமாக இருக்கும். அப்படியே வெட்டினால் தண்ணீர் வேகமெடுத்துப் படுகையை அரித்துவிடும். அதனால் மெதுவான சரிவில் கொஞ்ச தூரம் ஓடவிட்டு, ஒரு சுவர் கட்டி, ஒரே இடத்தில் படி இறக்குவார்கள். அந்தப் படிதான் டிராப். 1854-ல் திறந்த கங்கைக் கால்வாயில் இப்படிப் பல டிராப்கள் உண்டு. முக்கால் நூற்றாண்டு அவற்றில் தண்ணீர் சும்மா விழுந்து நுரைத்துக்கொண்டிருந்தது. 1920-களின் கடைசியிலும் 1930-களிலும்தான் அங்கே டர்பைன்கள் வந்தன. பின்னால் 1955-ல் வந்த பத்ரி நிலையம் 20.4 மெகாவாட். நம் பக்கத்திலும் அதே வரிசைதான். முல்லைப் பெரியாறு 1895-ல் பாசனத்துக்குத் தண்ணீர் கொடுத்தது, லோயர் கேம்ப்பில் அதே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1958-ல். பவானிசாகரில் தலா 8 மெகாவாட்டில் இரண்டு சிறு நிலையங்கள் உண்டு. அவையும் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரை நம்பி இருப்பவைதான்.

தண்ணீர் முதலில் வயலுக்கு, அல்லது ஊருக்குக் குடிக்க. மின்சாரம் அந்த வழியில் போகிற போக்கில் கிடைப்பது. கால்வாய் மின்நிலையத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இதற்குள் அடங்கும். இதை மறந்து டர்பைன் கேட்டலாக்கை முதலில் பிரிப்பவர்கள்தான் அதிகம். முதலில் பிரிக்க வேண்டியது கால்வாயின் நீர்ப்பதிவேடு.

பதிவேடு

குறைந்தது பத்து ஆண்டுப் பதிவு வேண்டும், நாள்வாரியாக. தமிழகக் கால்வாய் என்றால் சேப்பாக்கத்தில் நீர்வளத் துறையில் முறையாக எழுதிக் கேளுங்கள். கால்வாய் பொறுப்பிலுள்ள பிரிவு அலுவலகத்தில் நீர்மட்ட ஸ்கேல் வாசிப்பு நோட்டே இருக்கும். கிடைத்த அளவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். வருடத்தில் எத்தனை நாள் எந்த அளவுக்குக் குறையாமல் ஓடியது என்று ஒரு கோடு கிடைக்கும். கால்வாய்க்கு அந்தக் கோடு ஆற்றைப்போல் வழுக்கிக்கொண்டு இறங்காது. சமமாகப் போய்ச் சட்டென்று பூஜ்யத்தில் விழும். மேட்டூர்ப் பாசனக் காலம் வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை, அதாவது 231 நாள். மீதி நாள்களுக்கு எவ்வளவு நல்ல இயந்திரம் வாங்கினாலும் சும்மாதான் நிற்கும். அணை தாமதமாகத் திறந்த வருடங்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாதீர்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது அந்த வருடங்களில்தான்.

ஓட்டத்தை அளப்பது

பதிவேட்டை அப்படியே நம்ப வேண்டாம், ஒருமுறையாவது நேரில் அளந்து சரிபாருங்கள். கரண்ட் மீட்டர் (நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் கால்வாயின் குறுக்கே பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் வையுங்கள். ஆழம் அதிகமென்றால் 0.2, 0.8 இரண்டிலும் எடுத்துச் சராசரி போடுங்கள். மீட்டர் இல்லையென்றால் மிதவை. வளைவில்லாத 30 மீட்டர் நீளத்தில் இரண்டு முனையிலும் குறுக்கே கயிறு கட்டி, மிதவையை மேல் கயிற்றுக்கு ஐந்து மீட்டர் முன்னாலேயே போட்டுவிடுங்கள், கயிற்றைத் தொடுவதற்குள் அது நீரின் வேகத்தைப் பிடித்துவிடும். தெர்மகோல் வேண்டாம், அது காற்றுக்கு ஓடும், தண்ணீருக்கு ஓடாது. ஆரஞ்சுப் பழமோ, முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலோ நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் பெரும்பகுதி தண்ணீருக்குள் அமிழ்ந்து போகும். நடுவில், இடக்கரையோரம், வலக்கரையோரம் என்று மூன்று தடத்தில் தலா நான்கு முறை.

ஒரு கணக்குப் பார்ப்போம். படுகையின் அகலம் 10 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், கரைச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் உயர, ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர் விரியும்). நீர்ப்பரப்பின் அகலம் 14.5 மீட்டர் வரும், குறுக்குவெட்டு 18.4 சதுர மீட்டர். மிதவை 30 மீட்டரை 37.5 விநாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். அடியிலும் ஓரத்திலும் தண்ணீர் மெதுவாகப் போவதால் அதில் 85 சதவீதம்தான் சராசரி, அதாவது 0.68. பெருக்கினால் விநாடிக்கு 12.5 கனமீட்டர், நம் கணக்கில் 441 கனஅடி. இந்தக் கால்வாயையே கடைசிவரை வைத்துக்கொள்வோம்.

இறக்கம்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கால்வாய் காய்ந்திருக்கும்போது போய், டிராப் சுவரின் மேல்விளிம்புக்கும் கீழ்ப்படுகைக்கும் லெவல் எடுத்து அதையே இறக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். டர்பைனுக்குத் தெரிவது மேல்நீர் மட்டத்துக்கும் கீழ்நீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். ஓட்டம் கூடினால் கீழ்நீர் மட்டம் உயரும், இறக்கம் குறையும். கீழே அரை மைலில் ஒரு ரெகுலேட்டர் (தண்ணீரைத் தடுத்து அளவாக விடும் கட்டுமானம்) இருந்து அதன் ஷட்டரை இறக்கினால், பின்தேக்கம் உங்கள் டிராப்வரை வந்து இன்னும் விழுங்கும். மேலும் கீழும் ஒரு ஸ்கேல் நட்டு, ஒரு பாசனப் பருவம் முழுக்க இரண்டையும் ஒரே நேரத்தில் குறித்துவாருங்கள். குறைந்த ஓட்டத்தில் 3.2 மீட்டர் காட்டிய இடம் முழு ஓட்டத்தில் 2.95 காட்டலாம். குப்பைத்தடுப்புக் கம்பி, நுழைவாய், வளைவு இவற்றுக்கு 20 சென்டிமீட்டர் போனால் கையில் நிற்பது 2.75.

9.81-ஐ 12.5-ஆலும் 2.75-ஆலும் 0.8-ஆலும் பெருக்கினால் 270 கிலோவாட். முழு ஓட்டம் 200 நாள், அரை ஓட்டம் 40 நாள் (அப்போது 135 கிலோவாட்), பழுதுக்கும் மின்தடைக்கும் 5 சதவீதம் கழித்தால் வருடத்துக்கு 13.5 லட்சம் யூனிட். வருடம் முழுக்க ஓடுவதாகப் போட்டவர் 23.6 லட்சம் என்று எழுதியிருப்பார். பத்து லட்சம் யூனிட் காகிதத்தில் மட்டும் பிறந்து மறையும்.

டிராப்பை அடைக்காதீர்கள்

மின்நிலையத்தை டிராப்பின் மேல் கட்டக்கூடாது, பக்கவாட்டில் ஒரு கிளைவெட்டி அதில் வைக்க வேண்டும். பழைய டிராப் அப்படியே இருக்கட்டும். அதுதான் உயிர்காப்பு. மின்கட்டமைப்பு சட்டென்று போனால் இயந்திரம் டிரிப் ஆகும், டர்பைனுக்குள் தண்ணீரை விடும் வழிகாட்டித் தகடுகள் மூடும், 12.5 கனமீட்டர் போக இடமில்லாமல் நிற்கும். அந்த நொடியில் நம் கால்வாயில் சுமார் 30 சென்டிமீட்டர் உயர அலை ஒன்று கிளம்பி, விநாடிக்கு 2.85 மீட்டர் வேகத்தில் தண்ணீர் வரும் திசையை நோக்கிப் போகும். பத்து நிமிடத்தில் 1.7 கிலோமீட்டர் போயிருக்கும். அதற்குப் பின்னாலும் நீர்மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். மண்கரைக் கால்வாயில் நீருக்கு மேல் இரண்டடிக் கரைகூட இல்லாத இடம் எத்தனையோ. வழியும் தண்ணீர் முதலில் தேடுவது எலிவளையையும் மாடு இறங்கிய தடத்தையும்தான். அங்கே கரை உடைந்தால் யாருடைய நெல் போகிறது என்று யோசியுங்கள்.

எனவே நிலையம் மூடினால் யாரும் எதையும் தொடாமலே தண்ணீர் மாற்றுவழியில் போக வேண்டும். கரண்டில் திறக்கும் ஷட்டரை மட்டும் நம்புவது பெரிய தவறு, ஏனென்றால் அது தேவைப்படுவதே கரண்ட் போன நேரத்தில். எதிர்எடையால் தானே இறங்கித் திறக்கும் கதவு ஒரு வழி. அதைவிட நம்பகமானது வெறும் வழிந்தோடும் சுவர். அதில் அசையும் பாகமே கிடையாது. அதன் நீளத்துக்குக் கணக்கு உண்டு. சுவருக்கு மேல் 30 சென்டிமீட்டர் உயர அனுமதித்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு விநாடிக்கு 0.3 கனமீட்டர்தான் வழியும். 12.5-க்கு 42 மீட்டர் சுவர் வேண்டும். 14.5 மீட்டர் அகலக் கால்வாயில் அதைக் குறுக்கே நேராகக் கட்ட இடமில்லை. ஆகவே வாத்தின் அலகுபோல் கால்வாயின் நீளவாக்கில் நீட்டி மடித்துக் கட்டுகிறார்கள். வரைபடத்தில் வினோதமாகத் தெரியும் அந்த வடிவத்துக்கு இதுதான் காரணம்.

டர்பைனும் ஜெனரேட்டரும்

மூன்று மீட்டர் இறக்கத்துக்குப் பிரான்சிஸ் வகை டர்பைன் பொருந்தாது, மிக உயர்ந்த இறக்கத்துக்கான பெல்டன் பற்றிப் பேசவே வேண்டாம். கப்பல் விசிறிபோல் இலைகள் கொண்ட கப்லான் வகை வேண்டும். அதைக் குழாய்க்குள் படுக்கவைத்தால் டியூபுலர், ஜெனரேட்டரையும் உறைக்குள் அடைத்துத் தண்ணீருக்குள் வைத்தால் பல்ப். காவிரிக் கதவணைகளில் இருப்பது பல்ப். இலைகளும் வழிகாட்டித் தகடுகளும் இரண்டுமே திரும்பும் கப்லான் விலை கூடுதல், ஆனால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் திறன் பெரிதாக விழாது. இலை அசையாத புரொப்பெல்லர் மலிவு. ஓட்டம் முக்கால்வாசி ஆனதுமே தள்ளாடும். கால்வாய் ஓடினால் முழுசாக, இல்லையென்றால் இல்லை என்கிற பதிவு இருந்தால் புரொப்பெல்லரே போதும். முறைப்பாசனம் வைத்து அளவை மாற்றிக்கொண்டே இருக்கும் கால்வாய்க்குக் கப்லான், அல்லது சிறியதாக இரண்டு. இறக்கம் இன்னும் குறைவாக இருந்தால் ஆர்க்கிமிடிஸ் திருகைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றும், மீனும் சிறு குப்பையும் தடையின்றி இறங்கிவிடும்.

நம் கணக்குக்கு ரன்னரின் (டர்பைனில் சுழலும் சக்கரம்) விட்டம் ஏறத்தாழ 2 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 140 சுற்று அளவில் வரும். எட்டுத் துருவ ஜெனரேட்டருக்கு 750 சுற்று வேண்டும், ஆக நடுவில் கியர்பாக்ஸ். சுமை விட்டதும் கப்லான் இரண்டரை மடங்கு வேகத்துக்குத் தெறித்து ஓடும். ஜெனரேட்டர் அந்த 1,900 சுற்றைத் தாங்குமா என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு சேர்க்க முடியாத விஷயம் இது. இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் எளிது, மலிவு. ஆனால் அதற்கு மின்கட்டமைப்பு உயிரோடு இருக்க வேண்டும். அதோடு சேர்த்துப் போடும் கெப்பாசிட்டர் அளவு மீறினால், லைன் அறுந்த பிறகும் தானே தூண்டிக்கொண்டு மின்னழுத்தத்தை எகிறவைக்கும். லைனில் ஏறி நிற்பவருக்கு அது எமன். லைன் போனதைக் கண்டு உடனே விலக்கும் ரிலே இல்லாமல் இணைக்கவே கூடாது.

குப்பை

இயந்திரம் நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் மின்சாரமோ இரும்போ இல்லை, ஆகாயத்தாமரை. கூடவே வாழைத்தண்டு, பிளாஸ்டிக், பண்டிகை முடிந்தால் பூமாலை. கம்பித்தடுப்பில் நீர்வேகம் விநாடிக்கு 0.8 மீட்டருக்கு மேல் போகாதபடி பரப்பைக் கொடுங்கள். நம் கால்வாய்க்கு 15.6 சதுர மீட்டர். கம்பிகளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால்தான் குப்பையை இழுக்கும் வாரி மேலே ஏறும். அடைப்பால் முன்னுக்கும் பின்னுக்கும் 20 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே 7 சதவீதம் போச்சு: சுமார் 20 கிலோவாட், நாளுக்கு 470 யூனிட். ஆகவே இரண்டு பக்கமும் ஒரு சிறு ஸ்கேல் வைத்து, 10 சென்டிமீட்டர் தாண்டியதும் வாரச் சொல்லுங்கள். வாரியதைக் கரையில் குவித்தால் அடுத்த மழையில் அதே தண்ணீருக்குள் வந்துசேரும், லாரி நிற்க இடம் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. நமக்குத் தெரிந்த பெரிய கால்வாய் கண்டலேறுவிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா கால்வாய். அது குடிநீர். அந்த மாதிரிக் கால்வாயில் எண்ணெய் நிரப்பிய ரன்னர் மையம் கசிந்தால் மறுநாள் அது ஏரிக்குள் இருக்கும். எண்ணெய் இல்லாத மையமும் தண்ணீரே மசகாக இருக்கும் பேரிங்கும்தான் அங்கே சரி. கியர்பாக்ஸுக்குக் கீழே முழு எண்ணெயையும் பிடிக்கும் தொட்டி கட்டுங்கள்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, 25 மெகாவாட் வரை சிறு நீர்மின் திட்டம். தண்ணீரும் கரையும் நீர்வளத் துறையிடம், இணைப்பு மின்வாரியத்திடம், கட்டண விஷயம் கிண்டியிலுள்ள ஒழுங்குமுறை ஆணையத்திடம். முதலாவதில் கையெழுத்து ஆகாமல் மற்ற இரண்டுக்கும் அலையாதீர்கள்.

கால்வாய்க்குள் செய்ய வேண்டிய கான்கிரீட், நுழைவாய், வெளியேறும் வாய் எல்லாம் தண்ணீர் நிறுத்திய மாதங்களில் முடிய வேண்டும். மேட்டூர் வழக்கப்படி என்றால் பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதம். ஒரு பருவத்தில் முடியாது என்று தெரிந்தால் முதல் வருடம் கிளைவெட்டின் இரு முனைச் சுவரையும் ஷட்டர் பள்ளங்களையும் மட்டும் முடித்துத் தடுப்புப் பலகை இறக்கி அடைத்துவிடுங்கள். தண்ணீர் திறந்த பிறகு அந்தத் தடுப்புக்குப் பின்னால், காய்ந்த குழியில், மீதி வேலை மழைக்காலத்திலும் நடக்கும்.